மூணாவது இமையை அறுக்காதீங்க, புண்ணியமாப் போகும்!

டிஸ்கி: நான் கால்நடை டாக்டர் கிடையாது. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். இதுல வர்ற மருத்துவ சமாச்சாரம் எல்லாம் கால்நடை மருத்துவம் படிச்ச நண்பன்கிட்ட நச்சரிச்சுக் கேட்டதும், அப்புறம் நானாத் தேடிப் படிச்சதும்தான். உங்க வீட்டு மாட்டுக்கு வைத்தியம் பார்க்க இந்தப் பதிவு உதவாது. வைத்தியம்ங்கிற பேர்ல ஒரு தப்பைப் பண்ணாம இருக்க உதவும். எனக்கு அது போதும்.

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால போன மாசம் மேல்சித்தாமூர்ல இருக்கிற அத்தை வீட்டுக்கு ரெண்டு நாள் போயிருந்தேன். செஞ்சிக் கோட்டையை எல்லாருக்கும் தெரியும். 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல வேற வந்துடுச்சு. ஆனா பக்கத்துல இருக்கிற மேல்சித்தாமூரைப் பாதிப் பேருக்குத் தெரியாது. தமிழ்ச் சமணர்களோட தலைமை மடம் இங்கதான் இருக்கு. பார்சுவநாதர் கோயில் இருக்கு. மலைநாதர் கோயில் பாறையில தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கி வெச்சிருக்காங்க. நான் சமணன் இல்லைன்னாலும் சின்ன வயசுல லீவுக்குப் போறப்பல்லாம் அந்தக் கோயில் நிழல்லதான் ஆட்டம் போடுவேன்.

அத்தை வீட்டுத் திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் கொட்டாயில பசுவைக் குட்டையாக் கட்டியிருந்தாரு. எச்.எஃப். கலப்பு. இடது கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது, ஈ மொய்க்குது. கண்ணோட உள்மூலையிலேருந்து செக்கச்செவேல்னு ஒரு சதை பாதிக் கண்ணை மூடிக்கிட்டு நிக்குது.

"இன்னாண்ணே ஆச்சு?"

"கண்ணுல சதை வளந்துகினு வருது பாரு தம்பி. சாயங்காலம் ஆளு வராரு. அறுத்துட்டா சரியாப் பூடும்."

எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். எங்க தாத்தா வீட்டுல செவலைன்னு ஒரு உழவு மாடு. அதுக்கும் இதே மாதிரி கண்ணுல சிவப்பா ஒண்ணு வந்து நின்னுச்சு. முதல்ல யாரோ உப்பும் இலையுமா மென்னு கண்ணுல துப்பினாங்க. ரெண்டு நாள் பார்த்தாங்க, கொறையலை. அப்புறம் ஒருத்தர் வந்தாரு. மாட்டைச் சாய்ச்சுக் கட்டி, ஊசியால அந்தச் சதையைக் குத்தி இழுத்து, பிளேடால ஒரே அறுப்பு. மயக்க மருந்தாவது மண்ணாங்கட்டியாவது. மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். மாடு போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. "பாரு, கண்ணு பளிச்சுன்னு ஆயிடுச்சு"ன்னு அவர் சொன்னாரு. உண்மையிலேயே ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கண்ணுல ஓயாம பீளை, புண்ணு, கடைசியில வெள்ளையா மூடிப் பார்வையே போயிடுச்சு. ஒத்தைக் கண்ணு மாட்டை எவன் ஏருல பூட்டுவான்? சந்தைக்குப் போச்சு. அதுக்கப்புறம் எங்க போயிருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

அந்தச் 'சதை' சதையே இல்லை, மாட்டோட மூணாவது இமைன்னு எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆச்சு.

நமக்கு மேல் இமை, கீழ் இமைன்னு ரெண்டுதான். மாடு, ஆடு, குதிரை, நாய், பூனை எல்லாத்துக்கும் மூணு. மூணாவது இமை கண்ணோட உள்மூலையில, மூக்குப் பக்கம் மடிஞ்சு ஒளிஞ்சிருக்கும். சாதாரணமா அதோட ஓரம் மட்டும்தான் தெரியும். உள்ளே ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒரு குருத்தெலும்பு, அடியில ஒரு கண்ணீர்ச் சுரப்பி. கண்ணுல ஏதாவது பட்டா மாடு கண்முழியைக் குழிக்குள்ள பின்னுக்கு இழுக்கும். அதுக்குன்னே ஒரு தசை இருக்கு. முழி பின்னால போனதும் இந்த இமை சர்ருன்னு குறுக்க வந்து துடைச்சிட்டுப் போயிடும். கார் கண்ணாடி வைப்பர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. தண்ணியைத் தெளிக்கிறதும் அதேதான், துடைக்கிறதும் அதேதான். நம்ம கண்ணை கண்ணாடியில பாருங்க. உள்மூலையில சின்னதா ரோஸ் கலர்ல ஒரு மடிப்பு தெரியும். அந்த இமையோட மிச்சம் மீதி நமக்கு அவ்வளவுதான்.

அப்படின்னா அது எப்போ வெளியே வந்து நிக்கும்? கண்ணு வலிக்கிறப்போ. தூசியோ முள்ளோ குத்தியிருந்தா, கருவிழியில புண் இருந்தா, கண்ணுப்புழு இருந்தா (ஆமா, ஈ மூலமாப் பரவுற புழு ஒண்ணு இமைக்குள்ளாறயே குடியிருக்கும்), மாடு முழியை உள்ளே இழுத்துக்கும், இமை முன்னால வந்து மூடிக்கும். கண்ணைக் காப்பாத்தத்தான் அது வந்து நிக்குது. நாம என்ன பண்றோம்? காவலுக்கு வந்தவனைத் திருடன்னு நெனச்சு வெட்டிப் போடுறோம்.

இன்னொரு விஷயம் கேட்டா இன்னும் பதறுவீங்க. ரணஜன்னி வந்த ஆடு மாடு குதிரைக்கு முதல் அறிகுறிகள்ல ஒண்ணு இந்த மூணாவது இமை கண்ணுக்குக் குறுக்க வந்து நிக்கிறது. தசையெல்லாம் விறைச்சு, முழி பின்னால இழுபடுறதால வர்றது. ஒரு சத்தம் கேட்டாலே இமை பளிச்சுன்னு குறுக்க வரும். காது விறைக்கும், வாலு விறைக்கும், வாய் கிட்டிக்கும். அந்த நேரத்துல போய்க் கண்ணுல 'சதை'ன்னு அறுத்துக்கிட்டிருந்தா, நோய் ஒரு பக்கம் உயிரைக் கொண்டு போயிடும்.

இது என்னமோ நம்ம ஊர்ப் பட்டிக்காட்டு அறியாமைன்னு நெனச்சுடாதீங்க. இங்கிலாந்துல லாடம் கட்டுறவங்களும் குதிரைக்காரங்களும் இதையேதான் பண்ணிட்டிருந்தாங்க. 1831-ல வில்லியம் யூவாட்னு ஒரு கால்நடை மருத்துவர் குதிரையைப் பத்தி எழுதின புத்தகத்துல, கண்ணு வீங்கினப்போ முன்னால வர்ற மூணாவது இமையைக் கட்டின்னு நெனச்சு அறுக்குறாங்களே, இது காட்டுமிராண்டித்தனம்னு காய்ச்சியிருக்காரு. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆச்சு. தேசிங்கு ராஜா குதிரையைப் பத்தி இன்னும் பாட்டுப் பாடுற ஊருங்க எங்க செஞ்சி. இங்க இருக்கிற நமக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரலை.

பட்டணத்துக்காரங்க ரொம்பச் சிரிக்க வேண்டாம். உங்க கதைக்கும் வர்றேன். :-)

சென்னையில என் சித்தப்பா பையன் ஒரு பீகிள் நாய்க்குட்டி வளர்க்குறான். ஆறு மாசத்துல கண்ணு மூலையில செர்ரிப் பழம் மாதிரி செவப்பா ஒண்ணு பிதுங்கி நின்னுச்சு. பேரே 'செர்ரி ஐ'தான். மூணாவது இமைக்கு அடியில இருக்கிற கண்ணீர்ச் சுரப்பி இடம் பெயர்ந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. பீகிள், காக்கர் ஸ்பேனியல், புல்டாக் மாதிரி சாதிகளுக்கு அதிகம் வரும். ஒரு கிளினிக்ல (பேர் வேண்டாம்) ஏசி ரூம், மயக்க ஊசி, பில்லு எல்லாம் போட்டு அந்தச் சுரப்பியை வெட்டி எடுத்துட்டாங்க. கண்ணு பார்க்க அழகா ஆயிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஆரம்பிச்சது வினை. நாயோட கண்ணீர்ல மூணுல ஒரு பங்கு, சில கணக்குப்படி பாதி வரைக்கும் கூட, அந்தச் சுரப்பிதான் தருது. அதை எடுத்துட்டா பின்னாடி கண்ணு வறண்டு போற ஆபத்து ரொம்ப அதிகம். கண்ணீரை அளக்க ஒரு காகிதத் துண்டை இமையில செருகிப் பார்ப்பாங்க. ஒரு நிமிஷத்துல 15 மில்லிமீட்டராவது நனையணும். இவன் நாய்க்கு நனைஞ்சது 4. இப்போ ஆயுசுக்கும் தினம் ரெண்டு வேளை களிம்பு. சுரப்பியை வெட்டாம, ஒரு பை மாதிரி தைச்சு உள்ளேயே வெச்சு மூடுற முறை பல வருஷமா இருக்கு. கேட்டிருந்தா செஞ்சிருப்பாங்களோ என்னமோ. இவன் கேக்கலை, அவங்க சொல்லலை.

அதனால கொட்டாயா கிளினிக்காங்கிறது இங்க மேட்டரே இல்லை. 'வெளியே தெரியுது, அசிங்கமா இருக்கு, வெட்டு'ங்கிற புத்திதான் பிரச்சனை.

சரி, பசுவுக்கு வர்றேன். உடனே நண்பனுக்குப் போன் போட்டேன்.

"தீனி எடுக்குதா? காது, வாலு விறைப்பா இருக்கா?"

"தீனியெல்லாம் நல்லா எடுக்குதுடா. கண்ணு மட்டும்தான்."

"அப்போ உள்ள ஏதோ மாட்டியிருக்கும். அறுக்க மட்டும் விட்டுடாதடா. அது சதை இல்லை, இமை. அரசாங்க டாக்டரைக் கூப்பிடு. அதுவரைக்கும் ஆற வெச்ச கொதிநீரால கழுவு. வேற எதையும் ஊத்தாதே."

அண்ணன்கிட்ட இதைச் சொன்னா சும்மா ஒத்துக்குவாரா? "நீ மெட்ராஸ்லேருந்து வந்துட்டு எங்களுக்கு மாடு பார்க்கக் கத்துக் குடுக்குறியா"ன்னு மொறைச்சாரு. நியாயம்தான். நான் செவலை கதையைச் சொன்னேன். கயிறு பிடிச்சது நான்தான்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "நாளைக்கிக் காலையில வரைக்கும் பார்க்கலாம். டாக்டர் வரலைன்னா அறுத்துடுவேன்"னாரு. பால் கறக்குற மாடுங்க அது. அவர் வீட்டுப் பொண்ணு காலேஜ் பீஸ் அந்த மடியிலதான் இருக்கு. அவர் அவசரம் அவருக்கு.

மறுநாள் காலையில டாக்டரம்மா வந்தாங்க. மாட்டைக் கட்டி, கண்ணுல மரத்துப்போற சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மூணாவது இமையை இடுக்கியால மெதுவாத் தூக்கினாங்க. அடியில நெல்லு வைக்கோல்ல வந்த ஒரு துணுக்கு, நகம் நீளம்கூட இல்லை, குறுக்கச் செருகியிருந்துச்சு. எடுத்துப் போட்டாங்க. கருவிழியில புண் இருக்கான்னு பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தாங்க. சின்னதா ஒரு கீறல்தான். களிம்பு குடுத்தாங்க. மொத்தமே பத்து நிமிஷம். "இமையை அறுத்திருந்தாலும் துணுக்கு உள்ளயேதான் இருந்திருக்கும், கண்ணு போயிருக்கும்"னாங்க. அண்ணன் அந்தத் துணுக்கை உள்ளங்கையில வெச்சுப் பார்த்துக்கிட்டே நின்னாரு.

டாக்டரம்மா வந்த சேதி கேட்டு எதிர்த்தெரு ஆயா ஒண்ணு புடவை முந்தானையில ஒரு செம்மறிக் குட்டியைச் சுத்திக்கிட்டு வந்துச்சு. பொறந்து மூணு நாள். "பொறவிக் குருடும்மா. கண்ணே தொறக்கல. கறிக்கடைக்காரன் கேட்டுகினு கீறான், குடுத்துட்டா?" டாக்டரம்மா குட்டியோட கீழ் இமையைக் கட்டை விரலால லேசா வெளிப்பக்கம் உருட்டினாங்க. அவ்வளவுதான், உள்ளே கண்ணு இருக்கு! இமையோட ஓரம் உள்பக்கமா மடிஞ்சு, அதுல இருக்கிற ரோமம் எல்லாம் கருவிழியை உரசிக்கிட்டே இருந்திருக்கு. வலி தாங்காம குட்டி கண்ணை இறுக்க, இறுக்க இறுக்க இமை இன்னும் உள்ளே சுருள... இதுக்குப் பேரு எண்ட்ரோபியன். இமை உள்மடிப்புன்னு சொல்லலாம். பொறந்த செம்மறிக் குட்டிகள்ல இது சகஜம். ஆரம்பத்துலயே பார்த்துட்டா சில குட்டிக்கு இமையை அப்பப்போ வெளியே உருட்டி விட்டாலே சரியாயிடும். ஆகலைன்னா இமைத் தோலுக்கடியில ஒரு சின்ன ஊசி போட்டு உப்ப வெப்பாங்க, இல்லைன்னா ஒண்ணு ரெண்டு தையல். இந்தக் குட்டிக்கு ஊசி. "ஆயா, இது குருடு இல்லை. ஆனா இதே கெடாவுக்குப் பொறக்கிற குட்டிக்கெல்லாம் இப்படியே வந்தா, கெடாவை மாத்திடு"ன்னாங்க. பரம்பரையா வர்றதும் உண்டாம்.

இதுக்கு நேர்மாறா இமை வெளியே தொங்குறது எக்ட்ரோபியன். செயிண்ட் பெர்னார்டு நாய்ங்க சோகமாப் பார்க்குமே, அதான். மூஞ்சி சப்பையான பக் நாய்க்கு மூக்கோர இமை உள்ளே மடியும், மூக்கு மடிப்பு ரோமமும் உரசும். 2003 ஹட்ச் விளம்பரத்தைப் பார்த்துட்டு வாங்கின எத்தனை பேருக்கு இது தெரிஞ்சிருக்கும்? அந்தப் பெரிய கண்ணு நமக்குத்தான் க்யூட்டு, அதுக்கு உபத்திரவம்.

இப்போ நேர்மையா ஒண்ணு சொல்லணும். மூணாவது இமையை எடுத்தே ஆகணும்னு நிலைமை வர்றதும் உண்டு. மாடுகளுக்கு இமையிலயும் மூணாவது இமையிலயும் புத்துநோய் வரும். கண்ணைச் சுத்திக் கறுப்பு இல்லாத வெள்ளை மூஞ்சி மாடுகளுக்கு வெயில் பட்டு வர்ற வாய்ப்பு கூட. ஹியர்ஃபோர்டுன்னு ஒரு வெளிநாட்டு இனம் இதுக்குப் பேர் போனது. அப்போ அது வழவழன்னு சிவந்த தோலா இருக்காது. காலிஃபிளவர் மாதிரி கரடுமுரடா, தொட்டா ரத்தம் வர்ற மாதிரி, நாத்தத்தோட இருக்கும். அதை டாக்டர் மரத்துப்போக வெச்சு முறையா எடுத்தாத்தான் உயிர் தப்பும். அறுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது பிளேடு வெச்சிருக்கிறவர் வேலை இல்லை, தூக்கி அடியில பார்க்கத் தெரிஞ்சவங்க வேலை. என் கட்சி அவ்வளவுதான்.

'டாக்டர் வர்றதுக்குள்ள மாட்டுக்குக் கண்ணு போயிடும், உனக்கென்ன, ஈசியாச் சொல்லிட்டே'ன்னு நீங்க கேக்கலாம். பாதி சரி. ஒரு டாக்டருக்கு எத்தனை ஊரு, எத்தனை மாடு. 1962-க்குப் போன் பண்ணா நடமாடும் வண்டி வரும், அதுவும் எல்லா நேரமும் உடனே வந்துடாது. சிக்கலான கேஸ்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. 1903-ல ஆரம்பிச்ச காலேஜு, இன்னிக்கு நாய்க்குக் கண்புரை ஆபரேஷனே பண்றாங்க. ஆனா மேல்சித்தாமூர்லேருந்து பசுவை ஏத்திக்கிட்டு வேப்பேரிக்கு யாரு போவா?

அதனாலதான் சொல்றேன், டாக்டர் வர்ற வரைக்கும் என்ன பண்ணக் கூடாதுன்னாவது ஊருக்குத் தெரியணும். அறுக்கக் கூடாது. உப்பு, புகையிலை, இலைச்சாறு எதையும் கண்ணுல துப்பக் கூடாது. மெடிக்கல் ஷாப்புல மனுஷனுக்கு வெச்சிருக்கிற ஸ்டீராய்டு கலந்த கண் மருந்தை வாங்கி விடக் கூடாது. கருவிழியில புண் இருந்தா அந்த மருந்து புண்ணை இன்னும் ஆழமாக்கிடும். பண்ண வேண்டியது, சுத்தமான தண்ணியால கழுவுறது, ஈ அண்டாம நிழல்ல கட்டுறது, போன் பண்றது. நாலு வரிதான்.

இந்த நாலு வரியையும், மூணாவது இமை படத்தையும் ஒவ்வொரு பால் சொசைட்டி சுவத்துலயும் ஒட்டணும்ங்கிறது என் யோசனை. மாடு வெச்சிருக்கிற அத்தனை பேரும் காலையிலயும் சாயங்காலமும் கேனோட வந்து நிக்கிற இடம் அது. கோமாரி தடுப்பூசிக்கு நோட்டீஸ் ஒட்டுறோம்ல, அதுபக்கத்துல இதையும் ஒட்டினா என்ன குறைஞ்சுடும்? அறுக்க வர்ற அந்த ஆளையும் கூப்பிட்டு உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கணும். அவர் கொடுமைக்காரர் இல்லீங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கன்னு மாட்டிக்கிச்சுன்னா ஓடி வர்றது அவர்தான். நல்லது பண்றோம்னு நம்பித்தான் அறுக்குறாரு. அவரைத் திட்டிப் பதிவு போட்டா நமக்கு நாலு பின்னூட்டம் கெடைக்கும், மாட்டுக்கு ஒண்ணும் கெடைக்காது.

கிளம்புற அன்னிக்கு சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். திகம்பர மரபுல தீர்த்தங்கரர் கண்ணு பாதி மூடியிருக்கும். தேவர்களை இமையவர்னு சொல்லுவோம், இமைக்காதவங்கன்னு. இவரு இமை தாழ்த்தி உக்காந்திருக்காரு. கொல்லாமையை இத்தனை நூறு வருஷமாச் சொல்லிட்டிருக்கிற ஊரு இது. உயிரை எடுக்காம இருக்கிறது மட்டும் போதாது, தெரியாம ஒரு உறுப்பை எடுக்காம இருக்கிறதும் அதுலதான் சேர்த்தின்னு எனக்குத் தோணுச்சு. செவலைக்கு நான் பண்ணினதுக்கு மன்னிப்பு யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலை. அங்க கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு வந்துட்டேன்.

நேத்து அத்தைக்குப் போன் பண்ணினேன். பசுவுக்குக் கண்ணு தெளிஞ்சிடுச்சாம். ஆயாவோட குட்டி கறிக்கடைக்குப் போகலையாம், தெருவெல்லாம் துள்ளிக்கிட்டுத் திரியுதாம்.

ஊர்ல மாடு வெச்சிருக்கிற சொந்தக்காரங்க உங்க எல்லாருக்கும் இருப்பாங்க. இந்த வாரம் போன் பண்றப்போ இதை ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்லுவாங்க, என்ன பண்ணுவாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. கும்மி வேணும்னா அடுத்த பதிவுல வெச்சுக்கலாம். :-)

பி.கு: உங்க வீட்டுப் பூனைக்கு ரெண்டு கண்ணுலயும் மூணாவது இமை திடீர்னு பாதிக்கு வந்து நின்னா, கண்ணுல மட்டும் கோளாறுன்னு நெனைக்காதீங்க. உடம்புக்கு வேற ஏதோ முடியலைன்னு அர்த்தமா இருக்கலாம். அப்பவும் அதே மந்திரம்தான்: தொடாதீங்க, தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.